உள்ளே ஊர், சுற்றிலும் காடு: கொல்லிமலையில் காட்டுயிர் வாழிட மேலாண்மை

ஆய்வுச்சுருக்கம்

சேலம், நாமக்கல் சமவெளியிலிருந்து தனித்தெழும் கிழக்குத் தொடர்ச்சி மலைகளுள் ஒன்று கொல்லிமலை. காட்டுயிர்க் காப்பிடங்கள் பலவற்றில் காடு நடுவிலும் ஊர்கள் விளிம்பிலும் அமைந்திருக்கும். கொல்லிமலையில் இந்த அமைப்பு பெரிதும் தலைகீழானது. மலையுச்சி மேட்டுநிலத்தில் ஊர்களும் வயல்களும் உள்ளன; அவற்றைச் சுற்றியுள்ள சரிவுகளில் காப்புக்காடு வளையமாக நிற்கிறது. எனவே எல்லையைக் காவல் காப்பதை மட்டுமே நம்பும் மேலாண்மை இங்கே போதுமான பயனைத் தராது என்பதும், மேட்டுநிலத்தின் பயிர்த்தேர்வு, நிழல்மரம், கோயில் காடு ஆகியவையே காட்டின் எதிர்காலத்தைத் தீர்மானிக்கின்றன என்பதும் இக்கட்டுரையின் கருத்து. நிலவமைப்பு, சங்க இலக்கியப் பதிவு, வனச்சட்டம், வேளாண் மாற்றம், தீ, அயல்தாவரப் பரவல், பயிர்ச்சேதம் ஆகிய கோணங்களில் இக்கருத்து விளக்கப்படுகிறது.

திறவுச்சொற்கள்: கொல்லிமலை, கிழக்குத் தொடர்ச்சி மலை, காப்புக்காடு, வாழிட மேலாண்மை, மலையாளிப் பழங்குடியினர், கோயில் காடு, மரவள்ளி, வன உரிமைச் சட்டம்

முன்னுரை

தமிழகத்தில் காட்டுயிர்ப் பாதுகாப்பு என்றவுடன் முதுமலை, ஆனைமலை, களக்காடு முண்டந்துறை போன்ற மேற்குத் தொடர்ச்சி மலைப்பகுதிகளே நினைவுக்கு வருகின்றன. கிழக்குத் தொடர்ச்சி மலைகள் அண்மைக் காலத்தில்தான் போதிய கவனம் பெறத் தொடங்கியுள்ளன. 2014இல் காவிரி வடக்குக் காட்டுயிர் சரணாலயமும், 2022இல் கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் 686 சதுர கிலோமீட்டர் பரப்பில் காவிரி தெற்குக் காட்டுயிர் சரணாலயமும் அறிவிக்கப்பட்டன. அதே 2022இல் கரூர், திண்டுக்கல் மாவட்டங்களின் கடவூர்ப் பகுதியில் 11,806 ஹெக்டேர் பரப்பில் தேவாங்குக்கெனத் தனிச் சரணாலயம் அமைந்தது.

இவ்விரு பகுதிகளுக்கும் இடையே சேர்வராயன்மலை, போதமலை, கொல்லிமலை, பச்சைமலை, கல்வராயன்மலை முதலியன சமவெளியில் தனித்தனியே நிற்கின்றன. இவற்றுள் கொல்லிமலை சரணாலயமாக அறிவிக்கப்படவில்லை. காப்புக்காடு என்ற நிலையிலேயே இருந்துவருகிறது. அறிவிப்பு இல்லாமையை மட்டும் குறையாகக் காட்டுவதால் பயன் குறைவு. இம்மலைக்கு எத்தகைய மேலாண்மை பொருந்தும் என்பதே முதலில் தெளிவுபட வேண்டும். அதற்கு மலையின் அமைப்பிலிருந்து தொடங்குவது முறையாகும்.

1. நிலவமைப்பு: சமவெளியில் ஒரு தீவு

கொல்லிமலை ஏறத்தாழ 280 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. அடிவாரம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 200 மீட்டர் உயரத்தில் உள்ளது. மேட்டுநிலம் 1,000 மீட்டர் முதல் 1,300 மீட்டர் வரை உயர்ந்து அலையலையாகப் பரந்திருக்கிறது. காரவள்ளி அடிவாரத்திலிருந்து மேலேறும் சாலையின் 70 கொண்டை ஊசி வளைவுகள் இந்தச் சரிவின் செங்குத்துத் தன்மைக்குச் சான்றாகும்.

உயரம் மாறும்போது காடும் மாறுகிறது. அடிவாரத்தில் முட்புதர்க்காடும் வறண்ட இலையுதிர்க்காடும், இடைச்சரிவில் ஈர இலையுதிர்க்காடும், மேற்பகுதியின் மடிப்புகளிலும் ஓடைக்கரைகளிலும் பசுமைமாறாச் சோலைகளும் காணப்படுகின்றன. கோடையில் கீழ்ச்சரிவு மரங்கள் இலையுதிர்த்து நிற்கும்போது மேல்மடிப்புச் சோலைகளில் ஈரம் எஞ்சியிருக்கும். நிழலும் நீரும் தேடும் விலங்கு மேலே வருவதும், மழைக்குப் பின் புல் தழைத்ததும் கீழே செல்வதும் இதனால் இயல்பாகின்றன. இந்த ஏற்ற இறக்கம் தடைபடாமல் இருப்பது இம்மலைக் காட்டுயிர்களின் முதல் தேவையாகும்.

மலையின் நீரே சமவெளிக்கும் உயிர். மேட்டுநில ஓடைகள் திரண்டு ஐயாறாகி, அறப்பளீசுவரர் கோயிலுக்கு அருகே ஆகாய கங்கை அருவியாக விழுந்து, புளியஞ்சோலை வழியாகத் திருச்சிராப்பள்ளி மாவட்டத்துக்குள் செல்கின்றன. நாமக்கல் பக்கம் இறங்கும் கரைபோட்டான் ஆறு காவிரியில் கலக்கிறது. சோலைக்காடு சுருங்கினால் இந்த ஓடைகளின் கோடைக்கால ஒழுக்கும் குறையும். ஆகவே மலைக்காட்டின் பாதுகாப்பு கீழேயுள்ள உழவருக்கும் உரிய செய்தியாகும்.

தீவு போன்ற இத்தனிமை உயிர்வகைகளிலும் வெளிப்படுகிறது. கொல்லிமலையின் பெயராலேயே ஹெமிடாக்டைலஸ் கொல்லியென்சிஸ் எனப் பெயரிடப்பட்ட பாறைப்பல்லி 2019இல் அறிவியலுக்கு அறிமுகமானது. அண்டையிலுள்ள போதமலையிலிருந்து ரைனோஃபிஸ் கோவெரி என்னும் கேடயவால் பாம்பு 2013இல் விவரிக்கப்பட்டது. ஏற்காட்டின் பெயர்கொண்ட நெமாஸ்பிஸ் ஏற்காடென்சிஸ் என்ற சிறுபல்லி 2000இல் விவரிக்கப்பட்டது. மண்ணுக்குள்ளும் பாறை இடுக்கிலும் வாழும் இத்தகைய சிற்றுயிர்கள் வெயில் காயும் சமவெளியைக் கடந்து வேறு மலைக்குச் செல்லக்கூடியவை அல்ல. ஒரு மலையில் அவை அழிந்தால், மற்றொரு மலையிலிருந்து வந்து அந்த இடத்தை நிரப்ப வழியில்லை. பெருவிலங்குகள் அதிகம் இல்லாத மலை என்பதால் இழப்பும் சிறிது என எண்ணுவது பிழை என்பதை இது உணர்த்தும்.

2. பண்டைப் பதிவும் இன்றைய விலங்குகளும்

கொல்லிமலையைக் குறித்த மிகப் பழைய விலங்குப் பதிவு சங்க இலக்கியத்தில் உள்ளது. புறநானூற்றின் 152ஆம் பாடலில் வன்பரணர், வல்வில் ஓரியின் அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஆகிய ஐந்தையும் ஒன்றன்பின் ஒன்றாகத் துளைத்ததாகப் பாடுகிறார். வில்லாற்றலைப் புகழ வந்த பாடல் என்பதால் இதை விலங்குக் கணக்கெடுப்பாகக் கொள்ள இயலாது. எனினும் கொல்லித் தலைவனின் வேட்டைக்காடு எனக் கேட்போர் ஏற்கத்தக்க விலங்குகளையே புலவர் தேர்ந்திருப்பார் என்பது பொருந்தும் ஊகமே. அகநானூற்றின் 209ஆம் பாடல் கொல்லியின் பலா வளத்தைச் சுட்டுவதோடு, ஓரி கொல்லப்பட்டு இம்மலை சேரர் கைக்கு மாறிய வரலாற்றையும் குறிக்கிறது.

புறநானூறு கூறும் ஐந்தனுள் முதலிரண்டும் இன்று கொல்லிமலையில் நிலையாக வாழ்வதில்லை. யானைக்கும் புலிக்கும் பரந்த, தொடர்ச்சியான காடு வேண்டும். நாற்புறமும் வயலும் சாலையும் சூழ்ந்த மலை அவற்றைத் தாங்காது. பன்றியும் உடும்பும் எஞ்சியுள்ளன. இவற்றோடு கரடி, கேளையாடு, தேவாங்கு, எறும்புதின்னி, நரி, கீரி முதலியனவும் இம்மலைக்குரியனவாகக் குறிப்பிடப்படுகின்றன. இவற்றுட் பல இரவில் இயங்குபவை. மக்கள் கண்ணில் அரிதாகவே படுபவை. ஆகவே மேலாண்மையின் இலக்கு ஒரு பெருவிலங்கின் எண்ணிக்கையைக் கூட்டுவதாக இருக்க இயலாது. பல சிறு, நடுத்தர உயிர்கள் வாழும் இடத்தைக் குலையாமல் காப்பதே இலக்காக வேண்டும்.

பலாவின் நிலை வேறு. அது இன்றும் கொல்லிமலையின் அடையாளமாக, வீட்டோரத்திலும் காப்பித் தோட்டத்திலும் நிற்கிறது. மனிதருக்குப் பயன்பட்டதால் நிலைத்த காட்டுமரம் இது. பயன்பாட்டையும் பாதுகாப்பையும் பகையாகவே கருத வேண்டியதில்லை என்பதற்குப் பலா நல்ல எடுத்துக்காட்டு.

3. சட்டம் வரைந்த எல்லை

1882ஆம் ஆண்டின் சென்னை வனச்சட்டம் காப்புக்காடுகளை வரையறுக்கும் முறையை நிறுவியது. அம்முறையின்கீழ், வேளாண்மைக்கு உட்படாத சரிவுகள் காப்புக்காடாகவும் மேட்டுநிலத்தின் வயல்களும் குடியிருப்புகளும் மக்களுடையனவாகவும் பெரும்பாலும் பிரிந்தன. மேட்டுநிலத்தில் வாழும் மலையாளிப் பழங்குடியினரின் ஊர்கள் வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, அரியூர் நாடு, தின்னனூர் நாடு, குண்டூர் நாடு என ‘நாடு’களாக அமைந்துள்ளன. இன்றைய ஊராட்சிகளும் இப்பெயர்களையே தாங்கி நிற்கின்றன.

இப்பிரிவினை நிர்வாகத்துக்கு எளிது, உயிரினங்களுக்கு எளிதன்று. காப்பிடங்களின் திட்டமிடலில் ‘மையப்பகுதி, இடைப்பகுதி’ என்னும் பாகுபாடு வழக்கிலுள்ளது. மையத்தில் மனிதத் தலையீடு குறைவாகவும், அதைச் சூழ்ந்த இடைப்பகுதியில் கட்டுப்பாடான பயன்பாடும் இருக்கும். கொல்லிமலையில் மையத்தில் இருப்பது மக்களின் நிலம். ஈரமும் மண்ணாழமும் மிகுந்த இடமும் அதுவே. சோலைகளுள் பல இந்த மேட்டுநில மடிப்புகளில், பட்டா நிலங்களுக்கிடையே துண்டுகளாகச் சிதறிக் கிடக்கின்றன. காப்புக்காடோ பெரும்பாலும் செங்குத்தான, வறண்ட சரிவு. எனவே காப்புக்காட்டை முழுமையாகக் காத்தாலும், மேட்டுநிலத்தில் சோலைத்துண்டுகள் மறைந்தால் வாழிடத்தின் வளமான பகுதி கைநழுவிவிடும்.

நிலத்துக்கடியிலும் இதே சிக்கல் உண்டு. மேட்டுநில உச்சிகளில் உள்ள பாக்சைட் படிவம் மேட்டூர் அலுமினிய ஆலைக்காக வெட்டியெடுக்கப்பட்டது. மக்களின் எதிர்ப்பும் வழக்குகளும் எழுந்த நிலையில் 2008இல் அப்பணி நின்றது. உச்சியின் மண்படலம் மழைநீரை உள்வாங்கி ஓடைகளுக்கு விடுவது. அதன் இழப்பை அடிவாரத்தில் எத்தனை மரம் நட்டாலும் ஈடுசெய்ய இயலாது.

4. சாமையிலிருந்து மரவள்ளிக்கு

கொல்லிமலையின் வேளாண்மையில் கடந்த அரை நூற்றாண்டில் நிகழ்ந்த பெரிய மாற்றம் சிறுதானியம் குறைந்து மரவள்ளி பெருகியதாகும். இதன் வேர் சமவெளியில் உள்ளது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் மலேயாவிலிருந்து ஜவ்வரிசி வரத்து தடைபட்டபோது சேலத்தில் மரவள்ளிக் கிழங்கிலிருந்து ஜவ்வரிசி தயாரிக்கும் தொழில் கால்கொண்டது. 1981இல் ஆலை உரிமையாளர்களின் கூட்டுறவு அமைப்பான சேகோசர்வ் தோன்றியது. ஆத்தூர், இராசிபுரம், சேந்தமங்கலம் வட்டாரங்களின் ஆலைகளுக்குக் கிழங்கு தேவைப்பட்டது. சாலை வந்தபின் மலைக்கிழங்கும் லாரியில் இறங்கத் தொடங்கியது.

சாமை, கேழ்வரகு, தினை, வரகு, பனிவரகு ஆகியவை மலையாளி மக்களின் முதன்மை உணவாக இருந்தவை. கட்டவெட்டிச் சாமை, மல்லியச் சாமை, திரிகுலாச் சாமை என ஒரே பயிரில் பல வகைகளைப் பெயரிட்டு அவர்கள் பேணிவந்தனர். குறைந்த மழையில் விளைவது, சரிவில் நிற்பது, விரைவில் முற்றுவது என ஒவ்வொன்றுக்கும் தனி இயல்பு உண்டு. சென்னையிலுள்ள எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலிருந்து இவ்வகைகளைத் திரட்டவும் மீட்கவும் இம்மலையில் பணியாற்றியது. உரலில் இடித்து உமி நீக்கும் உழைப்புச் சுமை பெண்கள் மீது விழுந்ததே சாமை கைவிடப்பட்டதற்கு ஒரு காரணம் என்பதால், ஊர்களில் சிறு அரவை இயந்திரங்களை அமைப்பதும் அப்பணியில் அடங்கியது.

இம்மாற்றம் காட்டுயிரோடு தொடர்புடையது. சிறுதானியம் அடர்ந்து முளைத்து, சில மாதங்களில் மண்ணை மூடிப் பிடித்துக்கொள்ளும். அறுவடையில் கதிரும் தாளுமே நீங்கும். மரவள்ளி இடைவெளிவிட்டு நடப்படுவது; தொடக்க மாதங்களில் மண் திறந்தே கிடக்கும். அறுவடையில் கிழங்கைப் பெயர்த்தெடுக்கும்போது மண்ணும் பெயர்கிறது. சரிவு நிலத்தில் மழை அம்மண்ணை ஓடைக்குக் கொண்டுசெல்கிறது. ஓடையில் வண்டல் படிந்தால் கல்லிடுக்கில் வாழும் மீனும் நண்டும் தவளையும் இடம் இழக்கின்றன. மேலும், மாதக்கணக்கில் நிலத்தில் நிற்கும் கிழங்கு காட்டுப்பன்றிக்குத் தொடர்ந்து கிடைக்கும் விருந்தாகிறது.

இதனால் சாமை வயல் காட்டுக்கு நிகர் என்றாகாது. காடு எரித்துப் புனம் திருத்திய பழைய முறையும் மரங்களை அகற்றியதே. சந்தை விலை தரும் பயிரைக் கைவிடுமாறு ஏழை உழவரிடம் கேட்பதும் நியாயமாகாது. சமஉயர வரப்பு, ஓடைக்கரையில் மரவரிசை, மரவள்ளியோடு பயறு ஊடுபயிர், சிறுதானியத்துக்கு உறுதியான கொள்முதல் ஆகியவை மண்ணையும் வருவாயையும் ஒருசேரக் காக்கக்கூடியவை. இவை வேளாண்துறையின் பணிகளாகக் கருதப்படினும், கொல்லிமலையைப் பொறுத்தவரை வாழிட மேலாண்மைப் பணிகளே ஆகும்.

5. காப்பித் தோட்டமும் கோயில் காடும்

மேட்டுநிலத்தில் காட்டுக்கு மிக நெருங்கிய நிலப்பயன்பாடு நிழல் காப்பித் தோட்டம். மேலே பலா, நாவல், காட்டு மா போன்ற மரங்களும், அவற்றின் தண்டில் மிளகுக் கொடியும், கீழே காப்பிச் செடியும் அமைந்த தோட்டம் பல அடுக்குகளை உடையது. பழந்தின்னிப் பறவைகள், வௌவால்கள், அணில்கள் ஆகியன அதைப் பயன்படுத்துகின்றன. சோலைத்துண்டுகளுக்கிடையே பாலமாகவும் அது விளங்குகிறது. ஆனால் விரைந்து வளர்வதாலும், நேராக நிற்பதாலும், மரமாக விற்க எளிதாக இருப்பதாலும் ஆஸ்திரேலியாவைத் தாயகமாகக் கொண்ட சில்வர் ஓக் மரம் நாட்டுமரங்களின் இடத்தைப் பிடித்துவருகிறது. வெளிப்பார்வைக்கு இத்தோட்டமும் பசுமையாகவே தோன்றும். ஆயினும் சதைக்கனி தராத அம்மரத்தில் பழந்தின்னிகளுக்கு உணவில்லை. பசுமைப் பரப்பை மட்டும் அளந்தால் இந்த வேறுபாடு புலப்படாது.

நாட்டுமரம் வளர்க்கும் உழவர், தம் நிலத்து மரத்தை வெட்டி விற்பதற்கான அனுமதி நடைமுறைக்கு அஞ்சிச் சில்வர் ஓக்கை நாடுவதுண்டு. ஆகவே நாட்டு நிழல்மரங்களை வைத்திருப்போருக்கு நடைமுறைத் தளர்வும், நிழல் காப்பிக்கும் மிளகுக்கும் கூடுதல் விலையும் கிடைக்கச் செய்வது காட்டுக்குள் நடும் மரக்கன்றுகளைவிடப் பயன்தரக்கூடும்.

தோட்டத்துக்கு அடுத்து நிற்பது கோயில் காடு. கொல்லிமலை ஊர்களில் தெய்வத்துக்குரியதாக விடப்பட்ட சிறு சோலைகள் பல உள்ளன. அங்கே மரம் வெட்டுவதும் செருப்பணிந்து நுழைவதும் வழக்கில் விலக்கப்பட்டவை. பரப்பில் சிறியனவாயினும் முதிர்ந்த மரங்களும் அவற்றின் விதைகளும் பொந்துகளும் எஞ்சியிருப்பது இவற்றில்தான். கோயில் புதுப்பிக்கப்படும்போது கீற்றுக்கூரை கான்கிரீட் மண்டபமாகிறது; சுற்றிலும் தரை போடப்படுகிறது; வண்டி நிறுத்த இடம் தேவைப்படுகிறது. பக்தி குறையாமலேயே காடு குறையும் நிலை இது.

இதற்குத் தமிழகத்திலேயே வழிகாட்டும் முன்மாதிரி உண்டு. 2002ஆம் ஆண்டின் உயிரியல் பல்வகைமைச் சட்டத்தின்கீழ் 2022இல் மதுரை மாவட்டத்தின் அரிட்டாபட்டியும், 2025இல் திண்டுக்கல் மாவட்டத்தின் காசம்பட்டி கோயில் காடும் பல்லுயிர் மரபுத் தலங்களாக அறிவிக்கப்பட்டன. காசம்பட்டியின் பரப்பு ஏறத்தாழ 5 ஹெக்டேர் மட்டுமே. சிறு சோலையும் சட்டப் பாதுகாப்புக்குத் தகுதியுடையது என்பதற்கு இது சான்று. ஊராரின் வழிபாட்டு உரிமையைப் பறிக்காமல் சோலையைக் காக்கும் இவ்வழி கொல்லிமலைக்கும் பொருந்தும்.

6. தீயும் உண்ணிச்செடியும்

தை கழிந்ததும் கீழ்ச்சரிவுகளில் சருகு குவிகிறது. மாசி முதல் சித்திரை வரை தீயின் காலம். புதுப்புல் முளைக்க வேண்டி வைக்கும் தீ, அணைக்காமல் எறிந்த பீடித்துண்டு, சாலையோரச் சமையல் எனக் காரணங்கள் பல. சரிவில் தீ மேல்நோக்கி விரைந்து ஏறும் இயல்புடையது. அடிவாரத்தில் தோன்றியது மேல்மடிப்புச் சோலையின் விளிம்பை எட்டும்போது, தீக்குப் பழகாத மெல்லிய பட்டை கொண்ட பசுமைமாறா மரங்கள் கருகுகின்றன. ஆண்டுதோறும் விளிம்பு சில அடிகள் பின்வாங்கினால் சிறு சோலை விரைவில் இல்லாமற்போகும்.

தீயும் மரமிழப்பும் திறந்துவிட்ட இடத்தில் உண்ணிச்செடி நுழைகிறது. அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து அழகுச்செடியாகக் கொண்டுவரப்பட்ட இப்புதர் அடர்ந்து வளர்ந்து புல்லையும் மரக்கன்றையும் நெருக்குகிறது. காய்ந்தபின் எளிதில் எரிகிறது. எரிந்தபின் அடிக்கட்டையிலிருந்து மீண்டும் தளிர்க்கிறது. பறவைகள் அதன் பழத்தைத் தின்று விதையைப் பரப்புகின்றன. தீ உண்ணிச்செடியை வளர்க்க, உண்ணிச்செடி அடுத்த தீயை வளர்க்கும் சுழற்சி இவ்வாறு உருவாகிறது.

தமிழக அரசு 2022இல் அயல் ஊடுருவல் தாவரங்களை அகற்றி வாழிடங்களை மீட்பதற்கான கொள்கையை வெளியிட்டது. கொல்லிமலையில் அதைச் செயற்படுத்தும்போது மூன்று செய்திகள் கருதத்தக்கன. முதலாவது, வெட்டிவிடுவது போதாது; வேரோடு பெயர்த்து, அடுத்த சில ஆண்டுகள் முளைக்கும் கன்றுகளையும் களைய வேண்டும். இரண்டாவது, அகற்றிய இடத்தில் உள்ளூர்ப் புல்லும் மரமும் எழாவிடில் வேறொரு களை அதை நிரப்பும். மூன்றாவது, சோலை விளிம்பிலிருந்து வெளிநோக்கிப் பணியைத் தொடங்க வேண்டும். சாலையோரத்தில் தொடங்குவது பார்வைக்கு நன்றாயிருக்கும். ஆனால் காப்பாற்ற வேண்டிய மரங்கள் சோலை விளிம்பில் உள்ளன. தீத்தடுப்புக் கோடுகளையும் இதே முறையில், கோடை தொடங்குமுன் சோலைக்குக் கீழே அமைப்பது பயன்தரும்.

7. பயிர்ச்சேதமும் தூரக்கணக்கும்

காட்டுப்பன்றியால் நேரும் பயிர்ச்சேதம் மலையிலும் அடிவாரத்திலும் உழவரின் முதன்மை முறையீடாகும். 2025 ஜனவரியில் தமிழக அரசு இதற்கென ஓர் ஆணை பிறப்பித்தது. காப்புக்காட்டு எல்லையிலிருந்து 1 கிலோமீட்டர் வரை பன்றியைப் பிடிக்கவோ சுடவோ அனுமதியில்லை. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டுக்குள் விடலாம். 3 கிலோமீட்டருக்கு அப்பால் மட்டும் வனத்துறையினர் சுடலாம். காடு ஒரு பக்கமும் சமவெளி மறுபக்கமும் விரியும் இடங்களில் இக்கணக்கு தெளிவானது. காடு வளையமாகச் சூழ்ந்த மேட்டுநிலத்தில் ஓர் எல்லையிலிருந்து விலகும் வயல் மற்றோர் எல்லையை நெருங்குகிறது. ஆகவே சுடும் அனுமதியை நம்பி இங்கே சிக்கலைத் தீர்க்க இயலாது.

எஞ்சுவது தடுப்பும் இழப்பீடுமே. வயல்களைத் தனித்தனியே வேலியிடுவதைவிட ஊர் முழுவதும் கூடி ஒரே தொகுப்பாகப் பயிரிட்டுக் காவலிருப்பது செலவைக் குறைக்கும். முறையற்ற மின்வேலி மனிதரையும் விலங்கையும் ஒருசேரக் கொல்வது. அதைத் தடுப்பதற்கு எச்சரிக்கையோடு விரைவான இழப்பீடும் துணைநிற்க வேண்டும். கோடையில் விலங்குகளுக்காக அமைக்கப்படும் தண்ணீர்த்தொட்டிகள் சாலைக்கும் வயலுக்கும் அருகில் இருந்தால் அவையே விலங்குகளை ஊருக்கு அழைத்துவரும். நிரப்ப எளிது என்பதற்காக இடம் தேர்வது தவறாகும்; காட்டின் உட்புற ஊற்றுகளைத் தூர்வாரிக் காப்பது அதைவிடச் சிறந்தது. கொண்டை ஊசி வளைவுகளில் சுற்றுலாப் பயணியர் குரங்குகளுக்குத் தின்பண்டம் தருவதும் இதே வகையைச் சேர்ந்தது. கை நீட்டி வாங்கப் பழகிய குரங்கு வண்டிச் சக்கரத்தில் சிக்குகிறது. அல்லது வீட்டுக்கூரை ஏறுகிறது.

8. மலைகளுக்கு இடையே

வளையத்துக்கு வெளியேயும் கருத வேண்டியவை உள்ளன. சேலத்திலிருந்து ஆத்தூர் வழியாகச் செல்லும் நெடுஞ்சாலை வடக்கிலுள்ள சேர்வராயன், கல்வராயன் மலைகளைத் தெற்கிலுள்ள போதமலை, கொல்லிமலையிலிருந்து பிரிக்கிறது. இடைப்பட்ட இராசிபுரம், நாமகிரிப்பேட்டைப் பள்ளத்தாக்கு மஞ்சளும் மரவள்ளியும் விளையும் பண்படுத்தப்பட்ட நிலம். இங்கே அகன்ற காட்டுப்பாதையை உருவாக்குவது நடைமுறையில் அரிது. எனினும் ஓடைக்கரைகள், கரடுகள், ஏரிக்கரைப் புதர்கள் ஆகியவை நரிக்கும் முள்ளம்பன்றிக்கும் பறவைகளுக்கும் படிக்கற்களாக அமையும். புறம்போக்கு என ஒதுக்கப்படும் இந்நிலங்களைக் குவாரிக்கும் மனைப்பிரிவுக்கும் விட்டுவிடாமல் காப்பது சமவெளி ஊராட்சிகளால் இயலும்.

சேர்வராயன்மலை இதற்கு வேறொரு பாடம் தருகிறது. 1820களில் சேலம் ஆட்சியர் எம். டி. காக்பர்ன் காப்பியை அறிமுகப்படுத்திய ஏற்காட்டில் இன்று காட்டுமாடுகள் தோட்டங்களுக்குள் நடமாடுகின்றன. மக்கள் வழக்கில் காட்டெருமை எனப்படினும் இது மாட்டினத்தைச் சேர்ந்தது; 1972ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இடம்பெற்றது. காப்புக்காட்டின் எல்லைக்கல் அதற்குப் பொருட்டன்று. தோட்டமும் காடும் சேர்ந்ததே அதன் வாழிடம். தோட்ட உரிமையாளர், தொழிலாளர், வனத்துறை ஆகியோர் சேர்ந்து திட்டமிடாத வரை மோதல் தொடரும்.

போதமலையின் வினா இன்னும் கடினமானது. அண்மைக்காலம் வரை வண்டிச்சாலை இல்லாத இம்மலைக்கு வாக்குப்பதிவு இயந்திரங்களை அலுவலர்கள் கால்நடையாகவே கொண்டுசென்றனர். நோயாளிகளைத் தொட்டில் கட்டித் தூக்கிவந்தனர். அங்குள்ள மக்களுக்குச் சாலை மறுக்கப்படுவதை எந்தப் பாதுகாப்பு நோக்கமும் நியாயப்படுத்தாது. ஆனால் சாலையின் அகலம், மண்சரிவுத் தடுப்பு, இரவு நேர வெளியார் போக்குவரத்து, சுற்றுலா விடுதிகளுக்கான அனுமதி ஆகியவற்றைச் சாலை வருமுன்னரே தீர்மானிக்க இயலும். கொல்லிமலைக்குச் சாலை வந்தபோது தவறிய இவ்வாய்ப்பு போதமலைக்கு இன்னும் உண்டு.

9. மேலாண்மைக்குரிய அமைப்பு

மேட்டுநிலமே மையம் என்றால், மேலாண்மையின் மையமும் அங்கு வாழும் மக்களின் அமைப்பாகவே இருக்க வேண்டும். 1997இல் தொடங்கிய தமிழ்நாடு காடு வளர்ப்புத் திட்டத்தின்கீழ்க் கிராம வனக்குழுக்கள் அமைந்தன. திட்ட நிதி உள்ளவரை இயங்கும் குழுக்கள் நிதி நின்றதும் தளர்வது இத்தகைய திட்டங்களின் பொதுக்குறை. உரிமையின்றிப் பொறுப்பை மட்டும் அளித்ததே அதன் காரணம்.

2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் இக்குறையை நீக்க வழிசெய்கிறது. மரபாகப் பயன்படுத்திவந்த சமூகக் காட்டைக் காக்கவும் மேலாண்மை செய்யவும் அச்சட்டம் கிராமசபைக்கு உரிமை தருகிறது. காட்டுயிர், நீர்ப்பிடிப்பு ஆகியவற்றைக் காக்கும் பொறுப்பையும் உடன் வைக்கிறது. நீதிமன்ற இடைக்கால உத்தரவால் தமிழகத்தில் உரிமைப் பட்டா வழங்கல் 2016 வரை தடைபட்டிருந்தது. தமிழகத்தில் ஐந்தாம் அட்டவணைப் பகுதிகள் இல்லாமையால், பழங்குடி ஊராட்சிகளுக்குப் பிற மாநிலங்களில் உள்ள தனி அதிகாரங்களும் இங்கில்லை. ஆகவே கொல்லிமலை ஊர்களுக்கு இச்சட்டமே முதன்மை வாயில். தனிநபர் பட்டாவோடு நில்லாமல் சமூகக் காட்டு உரிமையும் வழங்கப்பட்டால், தீக்காவல், உண்ணிச்செடி அகற்றல், சோலை மீட்பு ஆகியவற்றை நாட்டுக்கு நாடு திட்டமிட இயலும்.

வனத்துறையின் பங்கு இதனால் குறையாது, மாறும். சரிவுகளில் கள்ளவேட்டையையும் மரக்கடத்தலையும் தடுப்பது அதன் நேரடிப் பணியாகவே தொடரும். மேட்டுநிலத்தில் அறிவுத்துணையும் கண்காணிப்பும் அதன் பணியாகும். சரணாலய அறிவிப்பு பின்னொரு நாள் வருமாயின், மேட்டுநில ஊர்களை வெறும் விதிவிலக்காக வரைபடத்தில் வெட்டி ஒதுக்காமல், பங்காளியாகச் சேர்த்தே அதை வரைய வேண்டும்.

முடிவுரை

கொல்லிமலையில் காடு ஊரைச் சூழ்ந்திருக்கிறது. ஊர் காட்டின் ஈரமான நடுப்பகுதியில் இருக்கிறது. இந்த அமைப்பைக் கணக்கில் கொள்ளாத மேலாண்மை, வறண்ட சரிவைக் காத்து வளமான சோலையை இழக்க நேரிடும். மேட்டுநிலச் சோலைத்துண்டுகளையும் கோயில் காடுகளையும் கணக்கெடுத்துச் சட்டப் பாதுகாப்பளித்தல், நாட்டு நிழல்மரங்களுக்கு ஊக்கமளித்தல், ஓடைக்கரை மரவரிசையை மீட்டல், சோலை விளிம்பிலிருந்து தீத்தடுப்பையும் அயல்தாவர அகற்றலையும் தொடங்குதல், சமூகக் காட்டு உரிமையை வழங்குதல் ஆகிய ஐந்தும் முதன்மைத் தேவைகளாகின்றன. இவற்றுக்குப் பெருந்திட்டங்களைவிடத் துறைகளின் ஒருங்கிணைப்பே அதிகம் வேண்டப்படுகிறது. யானையும் புலியும் கொல்லியைவிட்டு நீங்கிவிட்டன. பாறைப்பல்லியும் தேவாங்கும் சோலையின் ஓடைகளும் எஞ்சியுள்ளன. அவை தங்குவதும் நீங்குவதும் சரிவில் நடப்பட்ட எல்லைக்கற்களைவிட, மேட்டுநில வயலில் அடுத்த பருவத்தில் எடுக்கப்படும் முடிவுகளையே பெரிதும் சார்ந்திருக்கிறது.